மரத்துக்கு ஒரு திசை இருக்கு: மரவேலை புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

முதல் வருஷம் என்ஜினியரிங் பிராக்டிசஸ் லேப் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காக்கி யூனிஃபார்ம், ஷூ, வைஸ்ல பிடிச்ச ஒரு மரக்கட்டை, பக்கத்துல மொட்டையான ஒரு உளி. டீ ஜாயின்ட் ஒண்ணு, டவ்டெயில் ஒண்ணு, மார்ட்டைஸ்-டெனான் ஒண்ணு. ரெக்கார்டுல "மார்க்கிங், சாயிங், சிசலிங், ஃபினிஷிங்" என்று நாலு வரி எழுதி, படம் வரைஞ்சு, கையெழுத்து வாங்கியாச்சு. அதோட மரவேலைக்கும் நமக்கும் இருந்த உறவு முடிஞ்சது.

அந்த லேப்ல நம்ம யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. ரெண்டு கட்டையையும் டீ மாதிரி சேர்க்கணும்னா மேல வச்சு ரெண்டு ஆணி அடிச்சா போதாதா? எதுக்கு ரெண்டுலயும் பாதிப் பாதி வெட்டி எடுத்து, ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்கார வைக்கணும்? இதுக்குப் பதில் புரிஞ்சா, யூடியூப்ல வர்ற நூறு டிப்ஸ்ல தொண்ணூறு தானாகவே புரிஞ்சுடும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பத்தித்தான். ஹாஸ்டல் ரூம், மொட்டை மாடி, வீட்டுப் பின்பக்கம் மாதிரி இடத்துல, மெஷின் எதுவும் இல்லாம, ரெண்டாயிரம் ரூபாய் பக்கத்துல செலவழிச்சு ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறேன். சிஎன்சி ரவுட்டர் வச்சிருக்கிறவங்க அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

துடைப்பக்கட்டையும் மரமும்

வீட்டுல இருக்கிற தென்னந்துடைப்பத்தை எடுத்துப் பாருங்க. ஈர்க்குகள் எல்லாம் ஒரே திசையில அடுக்கிக் கட்டியிருக்கும். ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்தா அறுக்கவே முடியாது. ஆனா கட்டை அவிழ்த்துட்டு பக்கவாட்டுல விரலால தள்ளினா ஈர்க்கு தனித்தனியா பிரிஞ்சுடும். மரமும் உள்ளே இதேதான். நீளநீளமான நார்கள், வேர்ல இருந்து கிளை வரைக்கும் தண்ணி போறதுக்காக அடுக்கி வச்ச குழாய்கள். ஈர்க்கைக் கயிறு கட்டி வச்சிருக்கிற இடத்துல, மரத்துல லிக்னின் என்கிற பசை இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

விறகு பிளக்கிறதை யோசிங்க. நிக்க வச்சு மேல இருந்து ஒரு போடு போட்டா ரெண்டா பிளந்து விழும். அதே கட்டையைப் படுக்க வச்சு குறுக்கே வெட்டணும்னா வியர்த்துப் போயிடும். ஒரே கட்டை, ஒரே கோடாலி, திசை மட்டும்தான் மாறியிருக்கு.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல நாம போட்ட கணக்கு எல்லாத்துலயும் "ஐசோட்ராபிக்" என்று முதல் வரியிலேயே அனுமானம் பண்ணிட்டு வேற வேலை பார்க்கப் போயிடுவோம். ஸ்டீலுக்கு அது சரி. மரத்துக்கு மூணு திசையிலயும் மூணு வேற வேற யங்ஸ் மாடுலஸ்: நீளவாக்குல ஒண்ணு, நடு மையத்துல இருந்து பட்டைப் பக்கம் போற ரேடியல் திசையில ஒண்ணு, வளையத்தை ஒட்டிப் போற டேன்ஜென்ஷியல் திசையில ஒண்ணு. டேன்ஜென்ஷியல் திசையில இருக்கிற விறைப்பு, பெரும்பாலான மரங்கள்ல நீளவாக்கு விறைப்புல பத்துல ஒரு பங்குகூடத் தேறாது.

இந்த நார் ஓடுற திசையைத்தான் இங்கிலீஷ்ல கிரெய்ன் என்கிறோம். நான் நாரோட்டம் என்று சொல்றேன். கையில ஒரு பலகையை எடுத்ததும் முதல்ல பார்க்க வேண்டியது அளவு இல்ல, நாரோட்டம் எந்தப் பக்கம் போகுதுங்கிறதுதான். பலகையோட பக்கவாட்டு விளிம்பைப் பார்த்தா கோடுகள் தெரியும். அது விளிம்புக்கு இணையா ஓடினா நல்ல பலகை. சரிவா ஓடி விளிம்புல முடிஞ்சா அந்த இடத்துல பலகை சுலபமா பிளக்கும்.

அந்த ஒரு விஷயத்துல இருந்து வர்றவை

ரம்பத்துல ரெண்டு வகைப் பல் இருக்கு. நாருக்குக் குறுக்கே அறுக்கிற ரம்பத்துக்குக் கத்தி முனை மாதிரி சாய்வா தீட்டின பல். அது ரெண்டு பக்கமும் நாரை முதல்ல வெட்டிட்டு அப்புறம் நடுவுல இருக்கிறதை வெளியே தள்ளும். நாரோடவே நீளவாக்குல அறுக்கிற ரம்பத்துக்குக் குட்டிக் குட்டி உளி மாதிரி பல். அது நாரைச் சீவி எடுக்கும். மாத்திப் பயன்படுத்தினா வேலை நடக்கும், ஆனா ஒண்ணுல மரம் பிசிறடிக்கும், இன்னொண்ணுல கை செத்துப் போகும். ஆரம்பத்துல ரெண்டும் வாங்க வேண்டாம். குறுக்கே அறுக்கிறது ஒண்ணு போதும்.

இழைப்புளி ஓட்டும்போதும், உளியால சீவும்போதும் இதேதான். பூனையோட முதுகைத் தலையில இருந்து வாலுக்குத் தடவினா வழவழன்னு இருக்கும், எதிர்ப்பக்கம் தடவினா முடி சிலிர்க்கும். நாரோட்டத்துக்கு எதிரா சீவினா உளி நாருக்கு அடியில புகுந்து ஒரு சிராயைப் பிய்ச்சு எடுத்துடும். அப்போ பலத்தைக் கூட்டக் கூடாது, கட்டையைத் திருப்பி வச்சு எதிர்த் திசையில இருந்து சீவணும். புதுசா செய்றவங்க பாதிப் பேர் "உளி சரியில்ல" என்று நினைக்கிற இடம் இதுதான்.

அடுத்தது பசை. ஃபெவிகால் 1959-ல இருந்து நம்ம ஊர் தச்சுப் பட்டறைகள்ல இருக்கு. நாரும் நாரும் பக்கவாட்டுல தொடுற மாதிரி ரெண்டு பலகையை ஒட்டி, ஒரு நாள் காய விட்டு, உடைச்சுப் பார்த்தா பல சமயம் பசை விடாது, பக்கத்துல இருக்கிற மரம்தான் கிழியும். ஆனா ஒரு கட்டையோட அறுத்த முனையை, அதாவது குழாய்களோட வாய் தெரியுற பக்கத்தை, இன்னொரு கட்டையில ஒட்டினா கையாலேயே பிரிச்சு எடுத்துடலாம். குழாய்கள் பசையை உறிஞ்சிக்கும். தவிர அந்த முனையில பிடிச்சுக்கிறதுக்கு நாரோட பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல.

இப்போ முதல் கேள்விக்குப் பதில் வந்தாச்சு. ஒரு கட்டையோட முனையை இன்னொண்ணோட பக்கத்துல சும்மா ஒட்டினா பசை நிக்காது. ஆணி மட்டும் அடிச்சா, அது முனைக்குள்ள போறப்போ நாருக்கு நடுவுல ஆப்பு மாதிரி நுழைஞ்சு பிளக்கப் பார்க்கும், பிடிப்பும் குறைச்சல். அதனால தச்சர்கள் ரெண்டு கட்டையிலயும் பாதித் தடிமனை வெட்டி எடுத்து, முனையும் பக்கமும் சேர வேண்டிய இடத்துல பக்கமும் பக்கமும் தொடுற மாதிரி பண்ணிட்டாங்க. டீ ஜாயின்ட்ல நாம வெட்டின அந்தப் பள்ளம் பசைக்காக உருவாக்கின பரப்பு. மார்ட்டைஸ்-டெனானும் அதேதான், அதுல பக்கங்கள் இன்னும் அதிகம். உலகத்துல இருக்கிற மர இணைப்பு பெரும்பாலும் எல்லாமே "நாரோட பக்கம் நாரோட பக்கத்தைத் தொடணும்" என்கிற ஒரே பிரச்சினைக்கு வெவ்வேற விடைகள்.

மழைக்காலத்துக் கதவு

ஐப்பசி கார்த்திகையில வீட்டுக் கதவு நிலையில பிடிச்சுக்கும், சித்திரையில தானா சரியாயிடும். எல்லா வீட்டுலயும் பார்த்திருப்போம். வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் மரம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி விட்டுக்கிட்டே இருக்கும். காத்தோட ஈரப்பதம் 50% இருந்தா மரம் சுமார் 9% ஈரத்துல வந்து நிக்கும். ஈரப்பதம் 80%க்குப் போனா மரத்தோட ஈரம் 16% கிட்ட வரும். ஒரே நாள்ல இல்ல, வாரக்கணக்குல மெதுவா.

இந்த ஈரத்தால மரம் விரியும், சுருங்கும். ஆனா எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி இல்ல. தேக்கை எடுத்துக்குவோம். பச்சை மரமா இருந்து முழுசா காயுறதுக்குள்ள டேன்ஜென்ஷியல் திசையில சுமார் 5.8% சுருங்கும், ரேடியல் திசையில சுமார் 2.5%. நீளவாக்குல 0.1 முதல் 0.2% தான், அதாவது கணக்குல சேர்க்கவே வேண்டாம். அந்த 5.8% என்பது சுமார் 30% ஈரத்துல இருந்து பூஜ்யம் வரைக்குமான சுருக்கம். அப்போ ஈரம் 1% மாறினா அகலம் சுமார் 0.19% மாறும்.

200 மி.மீ. அகலமான ஒரு தேக்குப் பலகை. மழைக்கும் வெயிலுக்கும் இடையில அதோட ஈரம் 4% மாறுதுன்னு வச்சுக்குங்க. 200 × 4 × 0.0019, கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர். ஒப்பிடறதுக்கு, அதே 200 மி.மீ. ஸ்டீல் 20 டிகிரி சூடானா 0.05 மி.மீ. தான் விரியும். தேக்கு அசையாத மரம்னு பேர் வாங்கின மரம். அதுக்கே இந்தக் கதை.

ஒன்றரை மில்லிமீட்டர் சின்னதாத்தான் தெரியும். ஆனா அந்தப் பலகைக்குக் குறுக்கே, அதாவது நாரோட்டம் 90 டிகிரி மாறுற மாதிரி, இன்னொரு கட்டையை முழு நீளத்துக்கும் ஃபெவிகால் போட்டு ஆணியும் அடிச்சா என்ன ஆகும்? குறுக்குக் கட்டை நீளவாக்குல அசையாது. பலகை அகலவாக்குல அசைஞ்சே தீரும். ரெண்டுல ஒண்ணு தோற்கணும். பொதுவா பலகைதான் தோற்கும், நடுவுல நீளமா ஒரு வெடிப்பு விடும். புது டேபிள் டாப் முதல் கோடையிலேயே வெடிச்சா நாம "மரம் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல சமயம் மரம் நல்ல மரம்தான். அதை அசைய விடாம கட்டிப் போட்ட டிசைன்தான் தப்பு.

பழைய வீட்டுக் கதவுகளை நின்னு பாருங்க. சுத்தி நாலு சட்டம், நடுவுல பலகை. அந்தப் பலகை சட்டத்துக்குள்ள இருக்கிற காடியில சும்மா செருகியிருக்கும், பசை போட்டிருக்க மாட்டாங்க. மழையில விரிஞ்சா காடிக்குள்ள போறதுக்கு இடம் இருக்கும், வெயில்ல சுருங்கினா வெளியே வரும், கதவோட மொத்த அளவு பெருசா மாறாது. நம்ம சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் பாலத்துல வைக்கிற எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் தான் இது, அலங்கார வேலைப்பாடு மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது.

எந்த மரம் வாங்குறது

தேக்கு வேண்டாம். விலைக்காக மட்டும் சொல்லல. தேக்குல கை வச்சா வீணாகுமோங்கிற பயத்துலயே கை நடுங்கும். பழகுறதுக்குப் பைன் நல்லது. மெத்துன்னு இருக்கும், நாரோட்டம் கண்ணுக்கு நல்லாத் தெரியும். பேக்கிங் பெட்டி, பேலட் கட்டைகள்ல கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கோட வந்த பேலட்ல கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை குத்தியிருக்கும். அதுல எச்.டி. என்று இருந்தா கட்டையோட உள்பகுதி வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடாக்கினதுன்னு அர்த்தம், எடுத்துக்கலாம். எம்.பி. என்று இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைத் தொட வேண்டாம். எண்ணெய், கெமிக்கல் கறை இருக்கிற பேலட்டும் வேண்டாம். பேலட்ல இருந்து எடுக்கிற கட்டையில உடைஞ்ச ஆணி உள்ளேயே நிக்கும். ஒண்ணு பாக்கி இருந்தாலும் ரம்பத்தோட பல் போச்சு.

இன்னொரு வழி, கதவு ஜன்னல் செய்யற பட்டறைக்குப் போய்க் கேட்கிறது. ஒரு அடி, ஒன்றரை அடி வெட்டுத்துண்டுகள் மூலையில குவிஞ்சு கிடக்கும். பாதி நாள் விறகு விலைக்கே கொடுத்துடுவாங்க. ரப்பர் மரம், சில்வர் ஓக், மா எதுவும் ஓகே. கருவேலம் மாதிரி இரும்புக்கட்டையில ஆரம்பிக்காதீங்க. பிளைவுட், எம்.டி.எஃப். ரெண்டும் நல்ல பொருள்தான், ஆனா அதுல நாரோட்டத்தைப் படிக்க முடியாது. பிளைவுட்ல ஒவ்வொரு அடுக்கும் திசை மாறி மாறி ஒட்டியிருக்கும்.

எடுக்கும்போது பலகையோட ஒரு முனையைக் கண்ணுக்கு நேரா வச்சு, இன்னொரு முனை வரைக்கும் ஒத்தைக் கண்ணால பாருங்க. வளைவு, முறுக்கு உடனே தெரியும். முறுக்கினதை விட்டுடுங்க, அதைக் கையால நேராக்கிறது ஆரம்பத்துல முடியாது. கணு இருக்கிற இடத்துல நாரோட்டம் சுத்தி வளைஞ்சு போகும், அங்கே உளி சொன்ன பேச்சு கேட்காது.

கருவிகள்

ஒரு கை ரம்பம். இப்போ ஜப்பான் மாடல் இழுவை ரம்பமும் ஆன்லைன்ல கிடைக்குது. நம்ம வழக்கமான ரம்பம் தள்ளும்போது அறுக்கும், அது இழுக்கும்போது அறுக்கும். தள்ளுற ரம்பத் தகடு கம்ப்ரெஷன்ல இருக்கு. மெலிசா இருந்தா ஆய்லர் சொன்ன மாதிரி பக்கிள் ஆயிடும், அதனால தடிமனா செய்யணும். இழுக்கிறது டென்ஷன்ல இருக்கு, காகிதம் மாதிரி மெலிசா இருந்தாலும் நேரா நிக்கும். மெலிசா இருந்தா அறுக்கிற பள்ளமும் சின்னது, உழைப்பும் கம்மி. புதுசா பழகுற கைக்கு அது சுலபம்னுதான் என் கருத்து. ஆனா பட்டறையில வேலை பார்க்கிற அண்ணன் யாராவது பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுக்கிறார்னா, அவர் கையில எது இருக்கோ அதையே வாங்குங்க.

அப்புறம் ஒரு உளி, அரை இஞ்ச் அல்லது முக்கால் இஞ்ச். நாலு உளி செட் வேண்டாம். ஒண்ணைத் தீட்டிப் பழகுறதே ஒரு வாரம். ஒரு மூலைமட்டம். கோடு போட பென்சிலோட ஒரு கட்டர் கத்தி. தட்டுறதுக்கு மரச் சுத்தி. இரும்புச் சுத்தியால தட்டினா உளிப் பிடி பிளந்துடும். ரெண்டு சி-கிளாம்ப். ஃபெவிகால், உப்புத்தாள். இழைப்புளி ரெண்டாவது மாசம் பார்த்துக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்லணும். நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர்ல மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டி வேலை செய்ற வீடியோ நிறைய ஓடுது. செய்யாதீங்க. அந்த மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று பக்கத்துல ஓடும். அது தேய்க்கிற டிஸ்க்குக்காகச் செஞ்சது, டிஸ்க் மரத்துல சிக்காது. பல் பிளேடு கணுவுல சிக்கினா மெஷின் மொத்தமும் உங்களைப் பார்த்துத் துள்ளும். கார்டையும் கழட்டி வச்சிருந்தா விரல், தொடை, முகம் எதுவும் மிஞ்சாது. ரெண்டு நிமிஷ வேலையை ரம்பத்தால பத்து நிமிஷம் பண்ணினா ஒண்ணும் குறைஞ்சிடாது. மரத்தூளையும் லேசா நினைக்காதீங்க. புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள்கள் பட்டியல்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூளையும் வச்சிருக்கு. உப்புத்தாள் போடும்போது மாஸ்க் கட்டாயம், ரூமுக்குள்ள வேண்டாம்.

தீட்டுறது

கடையில வாங்கின உளி தீட்டினது இல்ல. உளி மாதிரி வடிவத்துல இருக்கிற ஒரு இரும்பு, அவ்வளவுதான். நம்ம லேப் உளியும் அப்படித்தான், எத்தனையோ பேட்ச் கை மாறி வந்தது. மொட்டை உளியில பலம் அதிகம் போடணும், பலம் அதிகம் போட்டா வழுக்கும், வழுக்கினா கையைக் கிழிக்கும். அதனால கூரான உளிதான் பத்திரமான உளி.

சாணைக்கல் வாங்க காசு இல்லைன்னா ஒரு தடிமனான கண்ணாடித் துண்டு போதும். அதுமேல வாட்டர் பேப்பரைத் தண்ணி தடவி ஒட்டுங்க: 220, 400, 1000, 2000 வரிசையில. முதல்ல உளியோட தட்டையான முதுகுப்பக்கம். முனையில இருந்து ஒரு இஞ்ச் தூரத்துக்குக் கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் எல்லாப் பேப்பர்லயும் தேய்க்கணும். போரடிக்கும். ஒரு உளிக்கு வாழ்க்கையில ஒரு தடவைதான். இதை யாரும் செய்யறதில்ல, ஆனா கூர்மைங்கிறது ரெண்டு தளம் சந்திக்கிற கோடு. ஒரு தளம் கரடுமுரடா இருந்தா அந்தக் கோடே கிடையாது.

அப்புறம் சரிவுப்பக்கம். உளி பொதுவா 25 டிகிரியில வரும். அந்தச் சரிவை அப்படியே பேப்பர்ல படிய வச்சு, பின்னாடி கொஞ்சம் தூக்கினா 30 டிகிரி வரும். அந்த 30-ல முனையை மட்டும் தேய்க்கணும். கொஞ்ச நேரத்துல முதுகுப்பக்கம் விரலால தடவினா மெல்லிசா ஒரு பிசிறு தட்டுப்படும். விளிம்பு முழுக்க அந்தப் பிசிறு வந்தாத்தான் அடுத்த பேப்பருக்குப் போகணும். ஒரு மூலையில வரலைன்னா அங்கே இன்னும் கூர் வரலைன்னு அர்த்தம். கடைசி பேப்பர் முடிஞ்சதும் முதுகை ஒரு தடவை தட்டையா இழுத்துப் பிசிறை எடுத்துடுங்க, பழைய லெதர் பெல்ட்ல பத்து இழுப்பு. 25க்குக் கீழே போனா முனை சீக்கிரம் உடையும், 35க்கு மேல போனா நுழையாது.

கூர் வந்துச்சான்னு நகத்துல வச்சுப் பார்க்க வேண்டாம். பைன் கட்டையோட அறுத்த முனையில ஒரு சீவல் எடுங்க. குழாய்களோட வாய் நசுங்காம பளபளன்னு வந்தா உளி ரெடி. வெள்ளையா பொடிப்பொடியா உதிர்ந்தா இன்னும் ரெண்டு நிமிஷம்.

முதல் வேலை: பெஞ்ச் ஹூக்

டேபிள்ல கட்டையை வச்சு அறுக்கும்போது அது நகரக் கூடாது. அதுக்கு ஒரு சின்ன சாதனம்தான் பெஞ்ச் ஹூக். 250 × 150 மி.மீ. அளவுல ஒரு பலகை, தடிமன் 18 அல்லது 20. அதோட ஒரு முனையில மேல்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம், எதிர் முனையில அடிப்பக்கம் இன்னொரு சட்டம். அடிச் சட்டம் டேபிள் விளிம்புல மாட்டிக்கும், மேல் சட்டத்துல கட்டையைச் சாய்ச்சு அறுக்கலாம். இது வீட்டுல வைக்கிற அழகுப் பொருள் இல்ல. அதனாலதான் முதல் வேலையா இருக்கட்டும் என்கிறேன்; கோணலா வந்தாலும் யாருக்கும் காட்ட வேண்டாம், அடுத்த எல்லா வேலைக்கும் உதவும்.

இதுலயே மழைக்காலத்துக் கதவு வந்து நிக்குது, கவனிச்சீங்களா? பலகையோட நாரோட்டம் நீளவாக்குல, சட்டத்தோட நாரோட்டம் அதுக்குக் குறுக்கே. 150 மி.மீ. அகலத்துக்குப் பெரிய ஆபத்து இல்ல. ஆனாலும் சட்டம் முழுக்கப் பசை தடவாம நடுவுல ஒரு 50 மி.மீ. மட்டும் பசை போட்டு, நடுவுலயே ரெண்டு ஸ்க்ரூ அடிங்க. ரெண்டு ஓரமும் அசையட்டும். மேல் சட்டம் பலகை விளிம்புக்குச் சரியா 90 டிகிரியில இருக்கணும், மூலைமட்டம் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் கிளாம்ப்.

அடுத்தது டீ ஜாயின்ட்

பெஞ்ச் ஹூக் வந்தாச்சுன்னா பழைய லேப் எக்ஸர்சைஸை மறுபடியும் செய்யுங்க. 40 × 20 மி.மீ. சட்டம் ரெண்டு. இந்தத் தடவை ஒரு மாற்றம்: டேப்பால 40 என்று அளந்து கோடு போடாதீங்க. பட்டறையில நான் பழகினப்போ அங்கே இருந்த அண்ணன் ஒருத்தர், "டேப்ப ஓரமா வை தம்பி, அந்தக் கட்டையையே மேல வச்சுக் கோடு போடு" என்றார். நாலு வருஷமா டிராயிங்ல டைமென்ஷன் போட்டுப் பழகின நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் எதுக்கு வந்தது? ஒரு ஊர்ல செஞ்ச ஷாஃப்ட் இன்னொரு ஊர்ல செஞ்ச ஹோல்ல பொருந்தணும், அதுக்காக. இங்கே அந்தத் தேவையே இல்ல. இந்தக் கட்டை அந்தக் கட்டையில மட்டும் பொருந்தினா போதும். 40 என்று வாங்கின சட்டம் ஒரு முனையில 39.4 இருக்கும், இன்னொரு முனையில 40.3 இருக்கும், அதையே வச்சுக் கோடு போட்டா எத்தனை மி.மீ.ங்கிற கேள்வியே எழாது.

கோடு பென்சில்ல இல்ல, கத்தியால. பென்சில் கோட்டுக்கு அகலம் அரை மி.மீ., எந்தப் பக்கத்துல அறுக்கிறதுன்னு குழப்பம். கத்திக்கோடு மேல்நாரை வெட்டி வச்சிடுது, அதனால அறுக்கும்போது விளிம்பு பிசிறாது, அப்புறம் உளியோட முனை அந்தக் கோட்டுலயே போய் உட்காரும். எடுக்க வேண்டிய பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போடுங்க. ரம்பம் எப்பவும் அந்தக் குறி இருக்கிற பக்கம், கோட்டை ஒட்டி. பாதித் தடிமன் வரைக்கும் ரெண்டு ஓரமும் அறுத்துட்டு, நடுவுல ரெண்டு மூணு அறுப்பு கூடுதலா போட்டா உளி வேலை சுலபம்.

பள்ளத்தை எடுக்கும்போது ஒரு பக்கத்துல இருந்தே மறுபக்கம் வரைக்கும் உளியை ஓட்டினா, அந்தப் பக்கம் வெளியே வரும்போது ஒரு பெரிய சிராய் பிய்ஞ்சு போகும். இந்தப் பக்கத்துல இருந்து பாதி, கட்டையைத் திருப்பி அந்தப் பக்கத்துல இருந்து பாதி. நடுவுல ஒரு சின்ன மேடு நிக்கும், அதைக் கடைசியில தட்டாம கையால சீவி எடுங்க. கட்டை கிளாம்ப்ல இருக்கணும், ரெண்டு கையும் உளி முனைக்குப் பின்னாடி இருக்கணும். நம்ம ஊர் தச்சர்கள் தரையில உட்கார்ந்து காலால கட்டையைப் பிடிச்சு வேலை செய்றதைப் பார்த்திருப்பீங்க. அது அவங்க வருஷக்கணக்கான பழக்கம், பார்த்து ரசிக்கலாம்.

பொருத்திப் பார்க்கும்போது கையால அழுத்தினா பாதி வரைக்கும் போகணும், மரச் சுத்தியால ரெண்டு லேசான தட்டுல முழுசா உட்காரணும். தானா விழுந்தா தளர்வு, பசை அந்த இடைவெளியை நிரப்பாது. பலமா அடிச்சாத்தான் போகும்னா பிளக்கும். முதல் ஜாயின்ட் நல்லா வராது, அது கணக்குலயே இருக்கட்டும். ஒரே நீளச் சட்டத்துல வரிசையா அஞ்சு போடுங்க, ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதுங்க. அஞ்சாவதை முதலாவது பக்கத்துல வச்சுப் பார்த்தா எது மாறியிருக்குன்னு நீங்களே சொல்லுவீங்க. அதுக்கப்புறம் புக் ஸ்டாண்டோ லேப்டாப் ஸ்டாண்டோ, எல்லாம் இந்த ஜாயின்ட்டையே நாலு தடவை போடுறதுதான்.

ஃபினிஷிங் பத்தி ரெண்டே வரி. உப்புத்தாளை எப்பவும் நாரோட்டத்தோட போடுங்க, குறுக்கே போட்டா கீறல் பாலிஷ் போட்டதும் பளிச்சுன்னு தெரியும். ஆளிவிதை எண்ணெய் தடவினா அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க. எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சு வெளியே காயப் போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

இடம்தான் நம்மில் பலருக்குப் பிரச்சினை. ஹாஸ்டல்ல ரம்பச் சத்தம் வார்டன் காதுக்கு ரெண்டாவது நாளே போயிடும். ஆனா நம்ம காலேஜ்லயே வைஸ் வச்ச பெஞ்சுகளோட ஒரு கார்ப்பென்ட்ரி ஷாப் இருக்கு, முதல் வருஷ லேப் இல்லாத நேரத்துல பூட்டியே கிடக்குது. சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம் திறந்து விட முடியுமான்னு ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேட்டேன். தான் கூட இருக்கிறதா இருந்தா சரி, ஹெச்.ஓ.டி. கையெழுத்தோட ஒரு லெட்டர் வேணும், குறைஞ்சது பத்துப் பேர் பேர் இருக்கணும்னு சொன்னார். இப்போ ஆறு பேர் இருக்கோம், எல்லாரும் ஃபைனல் இயர். ஏப்ரலுக்கு அப்புறம் இதை எடுத்து நடத்த ரெண்டாவது, மூணாவது வருஷத்துல இருந்து நாலு பேர் வேணும். எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பரவாயில்ல. வரும்போது உளி கொண்டு வர வேண்டாம், ஷாப்ல இருக்கிற முப்பது உளியையும் முதல்ல தீட்டியாகணும். ஒரு கண்ணாடித் துண்டும் வாட்டர் பேப்பரும் கொண்டு வாங்க.